ஒரு போனுக்கு எத்தனை விலை?

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் போன் கடை வைத்திருக்கிறேன். விலையைச் சொன்னதும் வருகிறவர்கள் அடுத்துக் கேட்பது, "ஆன்லைன்ல ஆயிரம் ரூபா கம்மியா போட்டிருக்கானே அண்ணே?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். விலையை விசாரித்து வாங்குகிறவர்தான் பின்னால் மனக்கசப்பு இல்லாமல் திரும்பவும் கடைக்கு வருவார். ஆனால் எந்த விலையை எந்த விலையோடு வைத்துப் பார்க்கிறோம் என்று தெரியாமல் ஒப்பிட்டால், மலிவு என்று நம்பி அதிகம் கொடுத்துவிட்டுப் போக நேரும்.

அதனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். நன்றாக ஓடுகிற மாடல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். வாராவாரம் திங்கட்கிழமை காலையில், கூட்டம் வருவதற்குமுன், அன்றைய நிலவரத்தை எழுதிவிடுவேன். பக்கத்தில் ஆறு கட்டங்கள் உண்டு: பெட்டி விலை, கடை விலை, ஆன்லைன் விலை, கார்டு தள்ளுபடி, பழைய போனுக்குக் கூடுதலாகத் தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ். ஆறாவது கட்டத்துக்கு 'நிபந்தனை' என்று பெயர். எந்த பேங்க் கார்டு, எத்தனை மாதத் தவணை, எந்த சிம், எவ்வளவு ரீசார்ஜ் என்பதெல்லாம் அதில் வரும். முதல் ஐந்து கட்டங்களையும் புரட்டிப்போடக்கூடியது அந்த ஆறாவது கட்டம்தான்.

இத்தனை வருஷம் எழுதியதில் எனக்கு உறுதியானது இதுதான். ஒரு போனின் விலை என்பது, அந்த போன் முழுக்க முழுக்க உங்களுடையது என்று ஆகும் நாள்வரை உங்கள் கையைவிட்டுப் போகும் மொத்தப் பணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அந்தப் பணத்தின் முதல் தவணையாக மட்டும் இருக்கலாம்.

பெட்டி விலையும் கடை விலையும்

பெட்டியில் ஒட்டியிருப்பது எம்ஆர்பி. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் போன் வியாபாரத்தில் அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை. கம்பெனி எங்களுக்கு இன்னொரு விலை சொல்லும். அதை நாங்கள் எம்ஓபி என்போம். சந்தையில் விற்க வேண்டிய விலை என்று அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டரிடம் நாங்கள் சரக்கு எடுப்பது டிபி, அதாவது டீலர் பிரைஸ். எம்ஓபிக்கும் டிபிக்கும் நடுவில் இருப்பது மிகச் சிறிய தொகை. அதில்தான் வாடகையும் கரண்ட் பில்லும் பையன்கள் சம்பளமும் அடங்க வேண்டும்.

ஆகவே, "பெட்டியில 24,999 போட்டிருக்கு, நாங்க 19,999க்குத் தர்றோம், அஞ்சாயிரம் லாபம்" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் அந்த ஐயாயிரத்தைத் தள்ளுபடியாக எண்ண வேண்டாம். எல்லாக் கடையிலும் அது 19,999தான். ஒப்பீட்டை எம்ஓபியிலிருந்து தொடங்குங்கள்.

இந்த விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உள்ளேயே இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது போனுக்கு 12 சதவீதம்தான். 2020 ஏப்ரல் 1 முதல் 18 ஆனது. 20,000 ரூபாய்க்கு பில் போட்டால் அதில் 3,050 ரூபாய் சொச்சம் வரி. ஆகவே, யாராவது "பில் இல்லாம ஆயிரம் கம்மி" என்றால், உங்கள் வாரண்டியையும் பில் தரும் பாதுகாப்பையும் வைத்துத்தான் அந்த ஆயிரத்தைக் கழிக்கிறார் என்று அர்த்தம்.

எங்களுக்கு வருகிற வருமானத்தில் இன்னொரு பகுதி ஸ்கீம். போனில் முதன்முதலாக சிம் போட்டு நெட்டை ஆன் செய்ததும் அதன் ஐஎம்இஐ எண் கம்பெனியின் சர்வரில் பதிவாகும். அதை ஆக்டிவேஷன் என்கிறோம். மாதத்துக்கு இத்தனை ஆக்டிவேஷன் என்று இலக்கு இருக்கும். எட்டினால் போனுக்கு இவ்வளவு என்று கம்பெனி தரும். மாதக் கடைசியில் இலக்குக்கு ஒன்றிரண்டு குறையும்போது, அந்த ஸ்கீம் பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து விற்கிற கடைகள் உண்டு. மாதத்தின் கடைசி இரண்டு நாளில் பேரம் பேசினால் கொஞ்சம் படியும் என்பதற்குக் காரணம் இதுதான். வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

விலை இறங்குவதற்கும் ஒரு வழி இருக்கிறது. புது மாடல் வரப்போகிறது என்றால் பழைய மாடலுக்குக் கம்பெனி பிரைஸ் டிராப் அறிவிக்கும். அன்றைக்குக் கடையில் விற்காமல் இருக்கும் போன்களின் ஐஎம்இஐ பட்டியலை அனுப்பினால், குறைந்த தொகையை எங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். அதனால் பிரைஸ் டிராப் என்று செய்தி வந்த பிறகும் ஒரு கடை பழைய விலையையே சொன்னால், தயங்காமல் கேளுங்கள்.

விழாக்கால விலை

என் நோட்டில் பல பக்கங்களில் ஒரே ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வரும். வெளியான மாதத்தில் ஒரு விலை. மூன்று நான்கு மாதத்தில் லேசான இறக்கம். ஆயுத பூஜை, தீபாவளி நெருங்கும்போது பெரிய இறக்கம். பண்டிகை முடிந்ததும் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அடுத்த மாடல் வரும்போது நிரந்தரமாக இறங்கும்.

இந்த வரிசையைத் தொடர்ந்து பார்க்காதவருக்கு, விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு விலையை ஏற்றிவிட்டு விழாவன்று இறக்கினால் அதுவும் தள்ளுபடியாகத்தான் தெரியும். 2014 அக்டோபர் 6 அன்று ஃப்ளிப்கார்ட் முதன்முறையாக 'பிக் பில்லியன் டே' நடத்தியபோது விலையைப் பற்றி வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனர்களான சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் மறுநாளே வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். விற்பனைக்குமுன் சில பொருட்களின் விலை மாறியிருந்ததும் அதில் பேசப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்குச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. 2022 மே 28 முதல், விலை குறைப்பு என்று அறிவிக்கிற கடை, அதற்கு முந்தைய 30 நாளில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். நம் நாட்டுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைக்கிறேன்.

அதுவரை நாமே குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கீப்பா போன்ற விலை வரலாறு காட்டும் தளங்கள், அமேசானில் ஒரு பொருளின் விலை மாதக்கணக்கில் எப்படி ஏறி இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். ஸ்மார்ட்பிரிக்ஸ், 91மொபைல்ஸ் போன்றவை பல கடைகளின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். அவை பயனுள்ளவை. ஆனால் கார்டு தள்ளுபடியும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் அந்தக் கோட்டில் எப்போதும் சரியாக வராது. நீங்கள் வைத்திருக்காத கார்டுக்குத் தருகிற 2,000 ரூபாய் தள்ளுபடி உங்களுக்குத் தள்ளுபடியே இல்லை. அதைக் கழித்துக் காட்டிய விலை உங்கள் விலையும் இல்லை.

வட்டியில்லாத் தவணை

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று இப்போது எல்லாக் கடையிலும் போர்டு இருக்கிறது, என் கடையிலும் இருக்கிறது. வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை போட்டுச் சொன்னது. வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

24,000 ரூபாய் போனை ஆறு மாதத் தவணையில் எடுக்கிறீர்கள், மாதம் 4,000 என்று வையுங்கள். பேங்க் 15 சதவீத வட்டி போடுகிறது. அப்படியானால் ஆறு மாத வட்டி சுமார் 1,016 ரூபாய். அந்த 1,016ஐ விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துவிடுவார், பேங்க் அதை வட்டியாக வாங்கிக்கொள்ளும். கூட்டினால் 24,000தான் வரும். இதுவரை கணக்கு நேர். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 183 ரூபாய், உங்கள் கார்டு பில்லில் ஏறும். பிராசஸிங் ஃபீ 199 என்றால் அதற்கும் வரி சேர்ந்து 235. மொத்தம் 418 ரூபாய் கூடுதல். கையில் பணம் இல்லாத நேரத்தில் 418 ரூபாய்க்கு ஆறு மாத அவகாசம் நியாயமான பேரம்தான். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் அதில் குறையில்லை.

501 ரூபாய் போன்

இப்போது கம்பெனி மானியத்துக்கு வருவோம். சிம் கம்பெனி போன் விலையில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொண்டு, அதை மாதாமாதம் பில்லில் திரும்ப எடுப்பதுதான் இந்த முறை. நெல் வியாபாரி விதைப்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அறுவடையில் பிடித்துக்கொள்வதை எங்கள் டெல்டாவில் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

இந்தியாவில் இது பெரிய அளவில் வந்தது 2003இல். ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 'மான்சூன் ஹங்காமா' என்ற பெயரில் 501 ரூபாய் முன்பணத்துக்கு போன் கொடுத்தது. அது சிடிஎம்ஏ போன். தனியாகக் கழற்றும் சிம் கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும். வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது என்பதால்தான் கம்பெனி துணிந்து மானியம் தந்தது. லட்சக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆனால் மாத பில் கட்டாமல் விட்டவர்களும் ஏராளம். வராக்கடன் பெரிய தலைவலியாகிப்போனது.

அதற்குப் பிறகு இந்தியக் கம்பெனிகள் மானியம் என்றால் பின்வாங்கின. காரணம் தெளிவானது. இங்கே பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் பிரீபெய்ட். முதலில் பணம், பிறகு பேச்சு. சிம்மைக் கழற்றி வேறு சிம் போட ஒரு நிமிடம் போதும். 2011 ஜனவரி 20 முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதியும் நாடு முழுக்க வந்துவிட்டது. இப்படிப்பட்ட வாடிக்கையாளரை நம்பி எந்தக் கம்பெனி பத்தாயிரம் ரூபாயை முன்கூட்டிப் போடும்?

199 டாலரின் உண்மைக் கணக்கு

அமெரிக்காவில் அப்போது நிலைமை வேறாக இருந்தது. அங்கே பெரும்பாலும் மாத பில், கடன் வரலாறு, இரண்டு வருஷ ஒப்பந்தம். அங்கேதான் இந்த மானியக் கணக்கு முழு உருவம் எடுத்தது.

2008 ஜூலை 11 அன்று ஆப்பிள் ஐபோன் 3ஜி அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. அதற்கு முந்தைய ஐபோன் 399 டாலர். பாதி விலை என்று உலகமே பேசியது. ஏடி அண்ட் டி கம்பெனியின் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். முந்தைய ஐபோனுக்கு மாத டேட்டா கட்டணம் 20 டாலர், அதிலேயே 200 எஸ்எம்எஸ் அடக்கம். புது ஐபோனுக்கு டேட்டா 30 டாலர், எஸ்எம்எஸ் வேண்டுமானால் தனியாக 5 டாலர். பேச்சுக்கான மிகக் குறைந்த திட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், 39.99 டாலர். 24 மாதத்துக்குப் பெருக்கினால், வரி நீங்கலாக, பழைய ஐபோனுக்கு மொத்தம் 1,839 டாலர். புதியதற்கு எஸ்எம்எஸ் இல்லாமலே 1,879. எஸ்எம்எஸ்ஸும் சேர்த்தால் 1,999. போன் 200 டாலர் இறங்கியது, மொத்தச் செலவு 160 டாலர் ஏறியது.

அதே போன் 2008 ஆகஸ்ட் 22 அன்று இந்தியாவுக்கு வந்தபோது ஏர்டெல்லும் வோடஃபோனும் 8 ஜிபி மாடலுக்கு 31,000 ரூபாய் விலை வைத்தன. டாலர் அப்போது 43 ரூபாய் அளவில் இருந்தது. "அமெரிக்காவுல எட்டாயிரத்துச் சொச்சத்துக்குத் தர்றதை இங்க முப்பத்தோராயிரத்துக்கு விக்கிறாங்களே" என்று அன்றைக்குக் கோபப்படாதவர் இல்லை. நம் ஊர் வரிகளும் மற்றச் செலவுகளும் விலையை ஏற்றியது உண்மை. ஆனாலும் 8,600 ரூபாயை 31,000 ரூபாயோடு ஒப்பிட்டதே பிழை. ஒப்பந்தம் இல்லாமல் வாங்கினால் அமெரிக்காவிலேயே அதன் விலை 599 டாலர் என்று ஏடி அண்ட் டி சொல்லியிருந்தது. அதாவது சுமார் 25,750 ரூபாய். ஒப்பிட வேண்டியது அந்த விலையோடுதான்.

ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் அபராதம். 2009 நவம்பரில் வெரைசான் கம்பெனி ஸ்மார்ட்போனுக்கான அந்த அபராதத்தை 350 டாலராக உயர்த்தியது. மாதம் முடியும்தோறும் 10 டாலர் குறையும். 23 மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசி மாதத்தில் விலகினாலும் 120 டாலர் பாக்கி நிற்கும். இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம், 24 மாதம் முடிந்து மானியத்தைக் கம்பெனி முழுக்கத் திரும்ப எடுத்த பிறகும் மாத பில் குறையாது. போனுக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு என்று பில்லில் பிரிக்காததால் வாடிக்கையாளருக்கு அது தெரியவே தெரியாது.

அந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது 2013 மார்ச்சில் டி-மொபைல் கம்பெனி. ஒப்பந்தத்தை எடுத்துவிட்டு, ஐபோன் 5க்கு 99.99 டாலர் முன்பணம், பிறகு மாதம் 20 டாலர் வீதம் 24 மாதம் என்று தனியாகப் பில் போட்டது. கூட்டினால் 579.99 டாலர். கடன் முடிந்ததும் அந்த 20 டாலர் பில்லிலிருந்து போய்விடும். மற்றக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. வெரைசான் 2015 ஆகஸ்டிலும் ஏடி அண்ட் டி 2016 ஜனவரியிலும் புதியவர்களுக்கு இரண்டு வருஷ மானிய ஒப்பந்தத்தை நிறுத்தின.

ஆனால் மானியம் வேறு சட்டை போட்டுத் திரும்பிவிட்டது. இப்போது அங்கே 'போன் இலவசம்' என்றால் பெரும்பாலும் இப்படித்தான். 800 டாலர் போனை 36 மாதக் கடனாக உங்கள் பேரில் எழுதுவார்கள், மாதம் 22.22 டாலர். அதே தொகையை மாதாமாதம் கழிவாகத் தருவார்கள். பன்னிரண்டாவது மாதத்தில் விலகினால் கழிவு நின்றுவிடும், மிச்சம் 533 டாலரைக் கட்டியாக வேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இலவச போனுக்கும் முழு விலைக்குரிய விற்பனை வரியை முதல் நாளே கட்ட வேண்டும்.

சிம் ஏற்காத போன்

இந்தக் கணக்கின் வால் கும்பகோணம்வரை நீள்வதை என் கடையிலேயே பார்க்கிறேன். சுவாமிமலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பிய ஐபோன், பெட்டி பிரிக்காமல் கையில். "தம்பி, என் பழைய சிம்மை இதுல போட்டுக் கொடுங்க" என்றார். சிம் போட்டதும் ஊர், மொழி எல்லாம் கேட்டுவிட்டுத் திரையில் வந்து நின்றது ஒரு வரி: இந்த சிம்முக்கு ஆதரவு இல்லை.

"போன் ரிப்பேரா தம்பி?"

"இல்லம்மா, போன் நல்லா இருக்கு. அந்த ஊர் கம்பெனி பூட்டி வெச்சிருக்கு. தம்பி அங்க தவணையில வாங்கியிருப்பாரு. பணம் முழுக்கக் கட்டினாத்தான் திறப்பாங்க."

"அவன் ஆஃபர்ல கிடைச்சுதுன்னுல்ல சொன்னான்."

மகன் பொய் சொல்லவில்லை. ஆஃபரில்தான் கிடைத்தது. ஆனால் அந்த போன் இன்னும் முழுதாக அவருடையதாக ஆகவில்லை. அங்கே 2014இல் பூட்டுத் திறப்பதற்கான சட்டம் வந்து, கையெழுத்தாகி, அமலிலும் இருக்கிறது. என்றாலும் பாக்கி இருக்கும்வரை பல கம்பெனிகள் திறப்பதில்லை. அந்த அம்மாவின் கையாலேயே மகனுக்கு வாட்ஸ்அப் போடச் சொல்லி, கம்பெனியிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு போன் அனுப்புவதாக இருந்தால் பூட்டில்லாத போனாகப் பார்த்து வாங்குங்கள். விலை அதிகமாகத் தெரிந்தாலும் அதுதான் முழு விலை. 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊர் மானியங்கள்

2017 ஜூலையில் ஜியோபோனை அறிவித்தபோது "போன் இலவசம், 1,500 ரூபாய் டெபாசிட், மூன்று வருஷத்தில் திரும்பக் கிடைக்கும்" என்றார்கள். என் கடை வாசலில் வரிசை நின்றது. நிபந்தனைகளைப் பிறகு விவரமாக வெளியிட்டார்கள். வருஷத்துக்குக் குறைந்தது 1,500 ரூபாய் ரீசார்ஜ் செய்ய வேண்டும். மூன்று வருஷம் கழித்து போனைத் திருப்பிக் கொடுத்தால்தான் டெபாசிட். வேறு சிம் அதில் வேலை செய்யாது. இதைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று வருஷத்தில் குறைந்தது 4,500 ரூபாய் ரீசார்ஜ். முதன்முதலாக நெட் பார்க்கும் குடும்பங்களுக்கு அது நல்ல பேரம்தான். 2018இல் ரிலையன்ஸ் ஜியோ, பழைய போனைக் கொடுத்தால் ஜியோபோன் 501 ரூபாய் என்று அறிவித்தது. பதினைந்து வருஷம் கழித்து அதே 'மான்சூன் ஹங்காமா', அதே 501. கூடவே ஆறு மாதத்துக்கு 594 ரூபாய் ரீசார்ஜ். ஆகக் கையிலிருந்து போனது 1,095.

2017 அக்டோபரில் ஏர்டெல், கார்பன் ஏ40 இந்தியன் போனைக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் 1,399 ரூபாய். கடையில் கட்டியது 2,899. முதல் 18 மாதத்தில் 3,000 ரூபாய் ரீசார்ஜ் செய்தால் 500 திரும்பும், அடுத்த 18 மாதத்திலும் 3,000 செய்தால் 1,000 திரும்பும். ஒரு மாதம் சோம்பலாக விட்டுக் கணக்கு குறைந்தால் அந்தக் கழிவு போச்சு. 1,399 என்ற விலைக்கு வந்து சேர 36 மாதம் பிடிக்கும் என்பதுதான் நான் அன்றைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னது.

2021 தீபாவளிக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட்டின் கணக்கு இன்னும் சுவையானது. ரொக்கமாக வாங்கினால் 6,499. தவணை என்றால் 1,999 முன்பணம், 501 பிராசஸிங் கட்டணம், பிறகு மிகச் சிறிய திட்டத்தில் மாதம் 300 வீதம் 24 மாதம். கூட்டினால் 9,700. அதில் 6,499ஐக் கழித்தால் 3,201. அதை 24ஆல் வகுத்தால் மாதம் 133 ரூபாய். அந்த 133க்குக் கிடைப்பது மாதம் 5 ஜிபி டேட்டாவும் 100 நிமிடப் பேச்சும். "மாசம் 133 ரூபாய்க்கு 100 நிமிஷம் உங்களுக்குப் போதுமா?" என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியும். தனியாக இருக்கும், அதிகம் பேசாத பெரியவருக்குப் போதும். வெளியூர் போன மகனோடு தினமும் அரை மணி பேசுகிறவருக்கு நான்காம் நாளே தீர்ந்துவிடும். "1,999க்கு ஸ்மார்ட்போன்" என்ற விளம்பரத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வர முடியாது.

கொரியா செய்தது

தென்கொரியாவில் ஒரே போனை ஒரே நாளில் ஒருவர் பாதி விலைக்கும் இன்னொருவர் முழு விலைக்கும் வாங்கும் நிலை இருந்தது. எந்தத் தெருவில், எந்த ராத்திரியில், யார் சொல்லி வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து மானியம் மாறும். 2014 அக்டோபர் 1 முதல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கம்பெனிகள் ஒவ்வொரு போனுக்கும் தரும் மானியத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், புது போனுக்கு மூன்று லட்சம் வோனுக்கு மேல் தரக் கூடாது. மானியம் வேண்டாம் என்பவருக்கு மாத பில்லில் தள்ளுபடி தர வேண்டும். அந்தத் தள்ளுபடி 12 சதவீதத்தில் தொடங்கி 2017இல் 25 சதவீதமானது.

உச்சவரம்பால் எல்லோருக்கும் போன் விலை ஏறிவிட்டது என்ற புகார் கடைசிவரை ஓயவில்லை. 2017இல் உச்சவரம்பு போனது. 2025 ஜூலை 22 அன்று அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். மானியத்துக்கு அரசு அளவு வைப்பதில் பலன் குறைவு என்பதை அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மானியம் வேண்டுமா, பில்லில் தள்ளுபடி வேண்டுமா என்று கேட்டு வாடிக்கையாளரையே கணக்குப் போட வைத்தார்களே, அது அருமையான ஏற்பாடு. அந்த ஒரு கேள்வியிலேயே மானியம் யார் பணம் என்பது விளங்கிவிடும்.

வாங்கும்முன் ஐந்து நிமிடம்

எந்த ஆஃபராக இருந்தாலும் ஒரு தாளில் இதை எழுதுங்கள். இன்றைக்குக் கட்டும் பணம். அதோடு மாதத் தொகையை மாத எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். பிராசஸிங் கட்டணம், வட்டி மேல் வரி, கட்டாய ரீசார்ஜ் எல்லாவற்றையும் சேருங்கள். உறுதியாகத் திரும்பக் கிடைக்கும் பணத்தை மட்டும் கழியுங்கள். "கிடைக்கலாம்" என்பதைக் கழிக்காதீர்கள். வந்த தொகையிலிருந்து, அந்த போன் இல்லாவிட்டாலும் இத்தனை மாதத்தில் நீங்கள் எப்படியும் செய்யப்போகும் ரீசார்ஜைக் கழித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதுதான் போனின் விலை. அதை ரொக்க விலையோடு வைத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

பிறகு விற்பவரிடம் மூன்று கேள்வி. பாதியில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? வேறு சிம் இதில் வேலை செய்யுமா? நடுவில் ரீசார்ஜ் கட்டணம் ஏறினால் என் கணக்கு என்னாகும்? மூன்றாவது கேள்வி முக்கியம். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றுமே ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. நீண்ட நாள் கட்டுப்பட்டவருக்கு அப்போது வேறு வழி இருக்காது.

கடைக்காரன் என்ற முறையில் அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி போட முடிந்த நாட்டில், தவணையிலோ ரீசார்ஜ் கட்டுப்பாட்டிலோ விற்கும் ஒவ்வொரு போன் விளம்பரத்திலும் மொத்தத் தொகையை முன்பணத் தொகை இருக்கும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று விதி போடவும் முடியும். அப்படி வந்தால் என் வியாபாரத்தில் சில விற்பனைகள் குறையலாம். அதற்கு நான் தயார். கூலி வேலைக்குப் போகிறவர் தன் மகளின் படிப்புக்காக வாங்கும் போனுக்கு மொத்தம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துகொள்வது அவருடைய உரிமை.